ஏப்பத்தின் விலை

வயிற்றெரிச்சல் மனத்தின் நோய். நெஞ்செரிச்சல் வயிற்றின் நோய். தமிழ் வழக்கில் இவ்விரண்டையும் நாம் மாற்றிப் பேசுவதில்லை. பிறர் வாழ்வு கண்டு பொறாதவனுக்கும், பெற்ற பிள்ளையால் நொந்தவளுக்கும் எரிவது வயிறு. அளவு கடந்து உண்டுவிட்டு உடனே படுத்தவனுக்கு எரிவது நெஞ்சு. உண்டது மேலெழுந்து தொண்டையில் புளிப்பதற்கு 'எதுக்களித்தல்' என்று தனிச்சொல்லே நம்மிடம் உண்டு. ஒரு துன்பத்துக்குத் தனிச்சொல் வைத்திருக்கும் மக்கள் அத்துன்பத்தை நெடுங்காலமாக அறிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். புணேயில் நம் அண்டை வீட்டு மராத்தியரோ இதனைப் 'பித்தம்' என்று சொல்லிக் கோகம் சர்பத் ஒரு குவளை கொடுப்பர். பெயர் வேறாயினும் எரிவது ஒன்றே.

நம் சங்கத்துப் பொங்கல் விழாவிலும் ஆண்டு விழாவிலும் அன்பர்கள் சிலர் என்னைத் தனியே அழைத்துக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நீங்கள் நெஞ்செரிச்சலுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவராமே! குணமாகிவிட்டதா? நானும் செய்துகொள்ளலாமா?" என்பர். முதற்கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது. இரண்டாவதற்கு விடை கூறும் தகுதி எனக்கில்லை. ஆயினும் கேட்டவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. நான் பட்டதையும், பட்டபின் படித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

உணவுக்குழல் என்பது ஏறக்குறைய 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் உள்ள ஒரு துளையின் வழியே அது இறங்கி இரைப்பையைச் சேர்கிறது. சேரும் இடத்தில் வட்டத்தசை ஒன்று வாயிற்காவலன்போல் நிற்கிறது. உணவு வந்தால் திறக்கும். உள்ளே சென்றதும் மூடும். உதரவிதானமும் வெளியிலிருந்து அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டு காவலுக்குத் துணை செய்யும். இக்காவல் தளர்ந்தாலோ, இரைப்பையின் மேற்பகுதி அத்துளை வழியே மார்புக்குள் நழுவினாலோ உள்ளே இருப்பது மேலேறத் தொடங்கும். தன் அமிலத்தைத் தானே தாங்கும் உட்பூச்சு இரைப்பைக்கு உண்டு, உணவுக்குழலுக்கு அஃதில்லை. அதனாலேயே எரிகிறது.

இந்நோய் அரியதன்று. இந்திய இரைப்பை குடலியல் சங்கத்தின் பணிக்குழு, பல ஊர்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கேட்டறிந்து 2011இல் வெளியிட்ட அறிக்கையில், நூற்றுக்கு 7.6 பேருக்கு இத்தொல்லை இருப்பதாகக் கண்டது. இவர்களில் பெரும்பாலோர்க்குக் கத்தி வேண்டியதில்லை. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதி மருந்தைப் பேசாமல் உணவின் அளவையும் காலத்தையுமே பேசுகிறது. இன்றைய மருத்துவரும் அங்கிருந்தே தொடங்குகின்றனர்: உடல் எடையைக் குறை, உண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படு, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்து, இடப்பக்கம் சாய்ந்து உறங்கு என்பர். இவை போதாதபோது மாத்திரை உண்டு. 1980களின் இறுதியில் ஓமிப்ரசோல் வழக்குக்கு வந்தபின் இந்நோயின் வரலாறே மாறிவிட்டது. அதற்குமுன் படுத்த படுக்கையில் நெருப்பை விழுங்கியவர்போல் கிடந்தோர் பலர் அதன்பின் நிம்மதியாக உறங்கினர்.

பின் எனக்கு மட்டும் கத்தி ஏன் வேண்டியதாயிற்று? மாத்திரை அமிலத்தைக் குறைக்கும், கதவைச் செப்பனிடாது. எனக்கு எரிச்சல் மாத்திரையால் அடங்கியது; எதுக்களித்தல் அடங்கவில்லை. அலுவலகத்தில் அடித்தட்டில் உள்ள கோப்பை எடுக்கக் குனிந்தால் குடித்த தேநீர் வாய்க்கு வந்துவிடும். கோயிலில் விழுந்து வணங்க அஞ்சி நின்றபடியே கைகூப்பி வந்தேன். பகலாவது கழிந்துவிடும், இரவு கொடியது. நள்ளிரவில் புளித்த நீர் மூச்சுக்குழலில் புகுந்து, இருமி இருமி விழித்தெழுவேன். மனைவி கட்டிலின் தலைக்கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தாள். இரண்டு தலையணை நான்காயிற்று. முடிவில் நாற்காலியில் அமர்ந்தபடி உறங்கப் பழகினேன். ஒருநாள் என் இளைய மகள், "அப்பா ஏன் படுக்கவே மாட்டேங்கிறார்?" என்று தாயிடம் கேட்டது என் செவியில் விழுந்தது. அக்கேள்விதான் என்னை அறுவை மருத்துவரிடம் கொண்டுசென்றது.

அறுவை என்றால் எதையோ வெட்டி எறிவார்கள் என்று எண்ணியிருந்தேன். இதில் வெட்டி எறிவது ஒன்றுமில்லை. மார்புக்குள் நழுவிய இரைப்பையைக் கீழே இழுத்து, உதரவிதானத்தின் அகன்ற துளையைத் தைத்துச் சுருக்கி, இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழலின் அடிப்பகுதியைச் சுற்றித் துண்டுபோல் போர்த்தித் தைப்பதே இச்சிகிச்சை. இரைப்பையில் அழுத்தம் கூடும்போது அப்போர்வையும் இறுகிக் கதவை மூடிக்கொள்ளும்.

இதனைக் கண்டவர் ருடால்ஃப் நிஸ்ஸென் என்னும் ஜெர்மன் மருத்துவர். இவர் வரலாறு ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு நெருக்கமானது. யூதராகிய அவர் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் பெர்லினை விட்டு நீங்கி இஸ்தான்புல் சென்றார். அங்கே 1930களில் ஒரு நோயாளியின் உணவுக்குழல் அடியில் இருந்த புண்ணை அகற்றி, இரைப்பையோடு இணைத்தார். தையல் கசியாதிருக்கும் பொருட்டு இரைப்பையின் சுவரை மடித்து அவ்விடத்தைச் சுற்றிப் போர்த்தினார். பல்லாண்டு கழித்தும் அந்நோயாளிக்கு எதுக்களித்தல் இல்லை என்பது அவர் நினைவில் தங்கியது. பின்னர் அமெரிக்கா சென்றார். 1948இல் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனுக்கு வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்காக அறுவை செய்தவரும் இவரே. இறுதியில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் தங்கி, தையலைக் காக்கச் செய்த அப்போர்வையையே 1955இல் நோய்க்கு மருந்தாகச் செய்து பார்த்து, 1956இல் அதனை வெளியிட்டார். பெட்டியைக் கட்டிக்கொண்டு நாடு நாடாக அலைந்த மனிதர் பழைய நோயாளி ஒருவரின் நலத்தை மறவாமல் இருந்தமையால் பிறந்தது இச்சிகிச்சை.

அறுவையின் பயனைக் காலம் கடந்தும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதைக் கற்பித்தவர் இங்கிலாந்தின் பிலிப் அல்லிசன். நழுவிய இரைப்பையை இறக்கித் துளையைச் செப்பனிடும் முறையை 1951இல் எடுத்துரைத்தவர் அவர். இருபது ஆண்டுக்காலம் தம் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து, ஏறக்குறைய பாதிப்பேர்க்கு நழுவலோ எதுக்களித்தலோ திரும்பிவிட்டது என்று 1973இல் தாமே அறிவித்தார். தம் பெயரால் வழங்கிய முறையின் குறையைத் தம் கையாலேயே எழுதிய நேர்மை எளிதில் வாராது.

நிஸ்ஸெனின் போர்வையும் காலத்தால் திருந்தியது. தொடக்கத்தில் அது நீளமாகவும் இறுக்கமாகவும் இருந்தது, விழுங்குவது கடினமாயிற்று. 1970களிலும் 80களிலும் வந்தோர் அதனைத் தளர்த்தினர், குறுக்கினர். பிரான்சில் தூப்பே என்பவர் 1963இலேயே முழுவதும் சுற்றாமல் ஒரு பகுதி மட்டும் சுற்றும் முறையைச் செய்து காட்டியிருந்தார். 1991இல் பெல்ஜியத்தில் தலமாஞ் என்னும் மருத்துவர் வயிற்றைக் கிழிக்காமல், சிறு துளைகள் வழியே குழற்கருவி நுழைத்து இதனைச் செய்யும் முறையை வெளியிட்டார். நம் நாட்டில் குழற்கருவி வழியே பித்தப்பையை அகற்றும் அறுவை 1990இல் மும்பையில், ஜே.ஜே. மருத்துவமனையில், டாக்டர் தெஹம்டன் உத்வாடியாவால் முதலில் செய்யப்பட்டது. தென்னகத்தில் இக்கலையை வேரூன்றச் செய்தவர்களுள் கோவை டாக்டர் சி. பழனிவேலு குறிப்பிடத்தக்கவர். இவர்கள் திறந்த வழியில்தான் எனக்கும் விரல்நுனி அளவுள்ள ஐந்து தழும்புகளோடு காரியம் முடிந்தது.

அதற்குமுன் நடந்த சோதனைகளைச் சொல்ல வேண்டும். எண்டாஸ்கோப்பியில் உணவுக்குழல் புண்பட்டிருந்ததும் இரைப்பை மேலே நழுவியிருந்ததும் தெரிந்தன. அதனோடு மருத்துவர் நிறைவடையவில்லை. மூக்கின் வழியே மெல்லிய குழலை இறக்கி, இடுப்பில் ஒரு பெட்டியைக் கட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் அமிலம் மேலேறும் கணக்கைப் பதிவு செய்தார். உண்டது, படுத்தது, எரிந்தது எல்லாவற்றையும் நேரம் குறித்து எழுதச் சொன்னார். வருகைப் பதிவேடு எழுதிய கைக்கு அது பழகிய வேலை. உணவுக்குழலின் தசை உணவைத் தள்ளும் வலிமையுடையதா என்று மற்றொரு சோதனையும் நடந்தது. "இத்தனை எதற்கு?" என்று கேட்டேன். "வால்வு திறக்கவே முடியாத ஒரு நோயும் நெஞ்செரிச்சல் போலத்தான் தெரியும். அதன்மேல் போய் நான் இறுக்கினால் உங்கள் சாப்பாட்டையே நிறுத்திவிடுவேன்" என்றார்.

எல்லாம் பார்த்தபின் அவர் கூறிய சொல்லை நான் மறவேன். "ராவ்ஜி, நான் உங்களைப் பழையபடி ஆக்கப் போவதில்லை. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கப் போகிறீர்கள். மேலே வருவது நிற்கும். ஆனால் காற்றும் மேலே வராது. வாந்தியும் வராது. வீட்டில் பேசிவிட்டு வாருங்கள்" என்றார். புணேயில் தென்னாட்டார் எல்லோரும் அவருக்கு ராவ்ஜிதான்.

அவர் கூறிய கொடுக்கல் வாங்கலுக்குக் கணக்கும் உண்டு. ஐரோப்பாவில் 554 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மாத்திரையும் மறுபிரிவினர்க்கு அறுவையும் அளித்து, ஐந்தாண்டு கழித்து 2011இல் முடிவு வெளியிட்டனர். நோய் அடங்கியிருந்தோர் மாத்திரைப் பிரிவில் நூற்றுக்கு 92. அறுவைப் பிரிவில் 85. மாத்திரைக்கு முன்பே நன்கு கட்டுப்பட்டவர்களையே அவ்வாய்வில் சேர்த்தனர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். உள்ளே புகுந்து பார்த்தால் வேறு செய்தி தெரிகிறது. எதுக்களித்தல் மாத்திரைப் பிரிவில் நூற்றுக்கு 13 பேர்க்கு இருந்தது. அறுவைப் பிரிவில் இருவர்க்கே இருந்தது. விழுங்குவதில் தடை முன்னவரில் 5, பின்னவரில் 11. வாயுத் தொல்லை முன்னவரில் 40, பின்னவரில் 57. எரிச்சல் மட்டும் உடையவன் இக்கணக்கைக் கண்டு மாத்திரையோடு நிற்பான். இரவில் மூச்சுத் திணறி எழுபவன் வேறு வரியைப் படிப்பான். நான் இரண்டாமவன்.

அறுவை முடிந்த மூன்றாம் நாள் வீடு திரும்பினேன். இரண்டு வாரம் கஞ்சியும் வடிகட்டிய ரசமும் மோரும். பின் ரசத்தில் ஊறிய இட்லி. குழைந்த சோறு இறங்கியது. சப்பாத்தியும் ரொட்டியும் மார்பில் நின்றன. சிறு கவளமாக எடுத்து, நெடுநேரம் மென்று விழுங்கக் கற்றுக்கொள்ள ஆறு வாரம் ஆயிற்று. எடையில் ஐந்து கிலோ குறைந்தது. ஆனால் அறுவை நடந்த முதல் வாரத்திலேயே ஓர் இரவு விடியும்வரை படுத்துறங்கினேன். விழித்துப் பார்க்கையில், பழக்கத்தால் உறங்காமல் என் அருகே அமர்ந்திருந்தாள் மனைவி. இருமல் வரவில்லையே என்று அஞ்சி, மூச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாளாம்!

கொடுத்த விலை சில மாதம் கழித்துத்தான் முழுதும் விளங்கிற்று. தஞ்சைப் பக்கத்தில் உறவினர் திருமணம் ஒன்றுக்குக் குடும்பத்தோடு சென்றிருந்தேன். பந்தியில் பாயசம் முடிந்து மோர் வந்தது. பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் இலையை மடித்துவிட்டு, நீண்டதோர் ஏப்பம் விட்டு, "திவ்வியமான சாப்பாடு" என்றார். நம்மவர்க்கு ஏப்பம் வெறுங்காற்றன்று. பசியாறியவன் அன்னமிட்டவனுக்குத் தரும் ரசீது. எனக்கோ அது வரவில்லை. விழுங்கிய காற்று மேலே வர வழியின்றி வயிற்றில் தங்கி, மத்தளம்போல் உப்பி, கீழ்வழியே போக நாழிகை பல ஆயிற்று. "மாப்பிள்ளைக்குச் சாப்பாடு பிடிக்கவில்லையோ?" என்று கேட்ட பெண்வீட்டு மூதாட்டிக்கு என் வயிற்றின் கதையை எங்ஙனம் விளக்குவது? சோடா நம் வீட்டில் நுழைவதை அன்றோடு நிறுத்தினோம். மற்றொரு முறை பயணத்தில் உண்டது ஒவ்வாமற் போயிற்று. குமட்டிக்கொண்டே இருந்தது, வாந்தி வரவில்லை. வயிறு வெளியேற்ற விரும்புவதைக் கதவு விடாமல் பிடித்துக்கொண்ட அவ்விரவு கொடிதாகவே கழிந்தது.

ஆறு ஆண்டுகள் கடந்துவிட்டன. இடையில் ஒருமுறை எரிச்சல் திரும்பியது. தையல் விட்டதோ என்று அஞ்சி ஓடினேன். சோதனையில் போர்வை உறுதியாகவே இருந்தது. சில நாள் மாத்திரையில் எரிச்சல் அடங்கிற்று. எல்லோர்க்கும் இப்படி அமைவதில்லை. சுவீடன் நாட்டில் 2005 முதல் 2014 வரை இவ்வறுவை செய்துகொண்ட 2655 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட கணக்கின்படி, நூற்றுக்கு 17.7 பேர்க்கு நோய் திரும்பியது. அவர்களுட் பெரும்பாலோர் மீண்டும் மாத்திரைக்குச் சென்றனர். ஏறக்குறைய ஆறில் ஒருவர் இரண்டாம் முறை அறுவைக்குச் சென்றார்.

என் நிலையைக் கண்டு, தேஹு ரோட்டில் வாழும் என் மைத்துனரும் அதே மருத்துவரிடம் சென்றார். அவர்க்கு எரிச்சல் என்னினும் மிகுதி, எம்மாத்திரைக்கும் அடங்காதது. ஆனால் ஒருநாள் முழுதும் கணக்கெடுத்தபோது அமிலம் மேலேறவே இல்லை. "உங்களுக்கு அறுவை செய்ய மாட்டேன்" என்றார் மருத்துவர். மைத்துனர்க்குச் சினம் மூண்டது. "அத்தான், உங்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? எரிகிறது என்று நான் சொல்கிறேன், இல்லை என்று பெட்டி சொல்கிறதாம்!" என்று என்னிடம் கொதித்தார். சில மாதம் என்னோடும் சரியாகப் பேசவில்லை.

அம்மருத்துவர் மறுத்தது எத்துணைப் பெரிய உதவி என்பதைப் பின்னர்ப் படித்து அறிந்தேன். மாத்திரைக்கு அடங்காத நெஞ்செரிச்சல் என்று அனுப்பப்பட்ட 366 பேரை அமெரிக்காவில் ஆராய்ந்து 2019இல் முடிவு வெளியிட்டனர். அவர்களில் 42 பேர்க்கு, மாத்திரையை உரிய முறையில் உண்ணச் செய்ததுமே குணமாயிற்று. 99 பேர்க்கு எரிச்சல் இருந்தும் அமிலம் காரணமன்று. உணவுக்குழலின் உணர்வு மிகுந்து போனதே காரணம். 23 பேர்க்கு வேறு உணவுக்குழல் நோய். எல்லாச் சோதனையும் கடந்து எஞ்சியவர் 78 பேரே. அவர்களுள் அறுவை செய்துகொண்டோரில் நூற்றுக்கு 67 பேர் நலமடைந்தனர்; பல மருந்துகளைச் சேர்த்து உண்டோரில் 28 பேர்; பழைய மாத்திரையோடு நின்றோரில் 12 பேர். கத்தியின் வெற்றி, கத்தியை எடுக்கும் முன்னரே ஆளைத் தேர்ந்தெடுப்பதில் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. என் மைத்துனர் அந்தத் தொண்ணூற்றொன்பதின்மர் வகையைச் சேர்ந்தவர். உணர்வைத் தணிக்கும் மருந்தைச் சிறு அளவில் உண்டு, இன்று ஓரளவு நலமாக இருக்கிறார். சினமும் தணிந்துவிட்டது.

இன்னும் ஓர் அச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். "ஆண்டுக்கணக்கில் மாத்திரை உண்டால் சிறுநீரகம் கெடும், எலும்பு கெடும், அதனால் அறுவையே மேல்" என்போர் உண்டு. பேன்டோப்ரசோலை மூன்றாண்டு உண்ட பெருங்கூட்டத்தை, வெற்று மாத்திரை உண்டவர்களோடு ஒப்பிட்டு 2019இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 17,598 பேர் சேர்ந்த அவ்வாய்வில், குடல் தொற்று சற்று மிகுந்தது தவிர வேறு தீங்கு மிகுந்ததாகக் காணப்படவில்லை. தேவையின்றி எம்மருந்தும் உண்ணலாகாது. ஆனால் மாத்திரையின்மேல் உள்ள அச்சம் ஒன்றே அறுவைக்குப் போதிய காரணமாகாது.

ஆகவே, "செய்துகொள்ளலாமா?" என்று கேட்கும் அன்பர்களுக்கு நான் மூன்று கேள்விகளைத் திருப்பித் தருகிறேன். உங்களை வருத்துவது எரிச்சலா, எதுக்களித்தலா? அமிலம் மேலேறுவதும் உணவுக்குழல் வலிவுடன் இருப்பதும் சோதனையில் உறுதியாயினவா? இவ்வறுவையைப் பலமுறை செய்து, செய்தவர்களைப் பின்னும் தொடர்ந்து பார்க்கும் மருத்துவரிடம் செல்கிறீர்களா? மூன்றுக்கும் நல்ல விடை இருந்தால் அவரோடு அமர்ந்து பேசுங்கள். விழுங்குவதில் தடை, காரணமின்றி எடை குறைதல், இரத்த வாந்தி, கருநிற மலம் இவற்றுள் ஒன்று தோன்றினாலோ, மாத்திரைக்கடையில் நின்றுவிடாமல் உடனே மருத்துவரைக் காணுங்கள். நெஞ்சு வலியை நெஞ்செரிச்சல் என்று நீங்களே தீர்ப்பெழுதிவிடாதீர்கள். இதயத்தின் நோயும் அவ்வுருவில் வரும்.

குணமாகிவிட்டதா என்னும் முதற்கேள்விக்கும் என்னால் இயன்ற விடையைச் சொல்லிவிடுகிறேன். நான் இன்று படுத்து உறங்குகிறேன். கோயிலில் விழுந்து வணங்குகிறேன். அடித்தட்டுக் கோப்பைக் குனிந்து எடுக்கிறேன். மாலையில் வயிறு உப்பும்; அப்போது சற்று நடந்துவிட்டு வருகிறேன். விருந்துக்கு அழைக்கும் அன்பர்கள் அளவாகப் பரிமாற வேண்டும். உண்டபின் ஏப்பம் வரவில்லையே என்று வருந்தாதிருக்க வேண்டும்.